பூவரசன்பட்டித் தீவோடு எந்த உயிரினம் அழிந்தது?

"சார், பூவரசன்பட்டித் தீவு கடலுக்குள்ள போயிருச்சு. சரி. அதோட சேர்ந்து இந்த உலகத்துலயே இல்லாமப் போன உயிரினம் ஏதாவது ஒண்ணு பேரு சொல்லுங்க, பாப்போம்."

கேட்டவன் என் மாணவன். கீழக்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். காடழிப்பால் ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் உயிரினங்கள் அழிகின்றன என்ற எண்கள் எந்தக் கணக்கிலிருந்து வருகின்றன என்று அன்று பலகையில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அமேசானைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். பக்கத்துக் கடலை உதாரணமாக இழுத்தது என் தப்பு. ஒரு பெயரும் வாயில் வரவில்லை. ஏர்வாடியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி அவன் பக்கம் திரும்பி, "பேரு தெரியலைன்னா சாகலைன்னு அர்த்தமா?" என்றாள். மணி அடித்தது. சண்டை கேன்டீன் வரை போனது.

இந்த இரண்டு கேள்விகளையும் அவர்களுக்கு முன்பே பெரிய ஆட்கள் நாற்பது வருடத்துக்கு மேலாகக் கேட்டு முட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் பூவரசன்பட்டியையே அந்தப் பருவத்தின் ஆய்வாக எடுத்துக்கொண்டோம். கடலில் போன ஒரு சின்னத் தீவை வைத்து உலகக் கணக்கைச் சோதிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

தீவு போன கதை

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். 1986இல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் சுற்றியுள்ள 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. பெயர் பெரிதாக இருந்தாலும் தீவுகளின் மொத்த நிலப்பரப்பு 6.23 சதுர கிலோமீட்டர்தான். நம் ஆர்.எஸ்.மங்கலம் நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்க்குள் அத்தனையையும் போட்டுவிடலாம். அந்த 21இல் இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. ஒன்று தூத்துக்குடிக் கூட்டத்தைச் சேர்ந்த விலங்குசல்லி, இன்னொன்று நம் கீழக்கரைக் கூட்டத்தைச் சேர்ந்த பூவரசன்பட்டி.

கடல்மட்டம் ஏறியதும் ஒரு காரணம். ஆனால் பெரிய பங்கு பவளக்கல் எடுப்புக்கு. தீவுக்கு முன்னால் நிற்கும் பவளப் பார்தான் அலையை உடைக்கிறது. பாரைப் பெயர்த்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் ஆலைக்கும் ஏற்றிவிட்டால் அலை நேராக மணலில் வந்து அடிக்கும். மணல் எத்தனை நாள் தாங்கும்? பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தது 2001இல்தான். அதற்குள் எடுக்க வேண்டியதை எடுத்து முடித்திருந்தார்கள்.

மாணவியின் தாத்தா இளவயதில் வள்ளத்தில் கல் ஏற்றியவர். மறைக்கவெல்லாம் இல்லை. "வாத்தியாரே, அப்ப அது குத்தம்னு யாரும் சொல்லல. ஒரு கல்லை எடுத்தா அதுக்குக் கீழ இன்னொரு கல்லு இருந்துச்சு. கூலி வந்துச்சு. தீவு கரையும்னு நாங்க கண்டமா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப அந்த எடத்துல நின்னா இடுப்பளவு, கழுத்தளவுதான் தண்ணி. மீனு படுது. தீவு போச்சு, மேடு இருக்கு" என்றார்.

 

பலகையில் போட்ட கணக்கு

பரப்பு கூடக் கூட உயிரினங்கள் கூடும். ஆனால் அதே வேகத்தில் கூடாது. பரப்பு பத்து மடங்கானால் இனங்கள் ஏறக்குறைய 1.8 மடங்காகும். இனங்களின் எண்ணிக்கை பரப்பின் ஒரு அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது என்று இதைச் சூத்திரமாக எழுதுவார்கள். அந்த அடுக்கை இசட் என்பார்கள், வழக்கமாக 0.25 என்று வைப்பார்கள். 1967இல் மெக்ஆர்தர், வில்சன் என்ற இரண்டு உயிரியலாளர்கள் தீவுகளை வைத்துக் கட்டிய கோட்பாடு இந்தச் சூத்திரத்தைப் பிரபலமாக்கியது.

தீவுகளால் பேர் வாங்கிய சூத்திரத்தைப் பிறகு காட்டுக்குத் திருப்பினார்கள். காட்டில் 90 சதவீதம் போனால், மிஞ்சிய 10 சதவீதத்தில் எத்தனை இனம் தாங்கும்? கணக்குப் போட்டால் 56 சதவீதம் என்று வரும். மற்ற 44 சதவீதம் அழிவுக்கணக்கில் சேரும். இசட்டை 0.15 என்று வைத்தால் அழிவு 29 சதவீதம், 0.35 என்று வைத்தால் 55 சதவீதம். ஒரு சின்ன எண்ணை இப்படியும் அப்படியும் நகர்த்தினால் விடை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று காட்டியபோதுதான் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

இந்தச் சூத்திரத்தை வைத்து வில்சன் 1992இல் மழைக்காடுகளில் ஆண்டுக்கு 27,000 இனங்கள் என்றார். ஒரு கோடி இனங்கள் இருப்பதாக வைத்து அதில் 0.27 சதவீதம் எடுத்தது அது. அவர் சொன்னது அழிவுக்கு விதிக்கப்பட்டவை என்று. செய்தித்தாளுக்கு வரும்போது அது 'செத்தவை' ஆகிவிட்டது. இன்னொரு புகழ்பெற்ற எண்ணுக்குச் சூத்திரம்கூட இல்லை. 1979இல் நார்மன் மையர்ஸ் என்ற சூழலியல் அறிஞர் ஆண்டுக்கு 40,000 என்று எழுதினார். அந்த நூற்றாண்டின் கடைசி 25 ஆண்டுகளில் பத்து லட்சம் இனம் போகிறது என்று வைத்துக்கொள்வோம் என ஆரம்பித்து, பத்து லட்சத்தை 25ஆல் வகுத்தார், அவ்வளவுதான். 'வைத்துக்கொள்வோம்' என்ற சொல் உதிர்ந்து போய் எண் மட்டும் ஊர் ஊராகச் சுற்றியது. ஜூலியன் சைமன் என்ற பொருளாதார அறிஞர் இதைப் பிடித்துக்கொண்டு விடாமல் அடித்தார். அவர் சொன்ன மற்ற பலதில் எனக்கு உடன்பாடில்லை. இதில் அவர் பக்கம்தான் நியாயம்.

புவேர்ட்டோ ரிக்கோவின் பறவைகள்

இந்த எண்களை நம்பாத எதிர்த்தரப்புக்குப் பிடித்த உதாரணம் கரீபியன் கடலில் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோ தீவு. 2001இல் ஆங்கிலத்தில் வந்த தன் நூலில் டென்மார்க்கைச் சேர்ந்த பியோர்ன் லோம்போர்க் இதை முன்னால் வைத்தார். நானூறு ஆண்டுகளில் அந்தத் தீவின் ஆதிக்காடு 99 சதவீதம் போய்விட்டது. இருந்த 60 பறவையினங்களில் அழிந்தவை ஏழு. சூத்திரப்படி போட்டால் நாற்பது போயிருக்க வேண்டும். போதாததற்கு, வெளியிலிருந்து வந்தவற்றையும் சேர்த்தால் இப்போது அங்கே 97 பறவையினங்கள். அப்புறம் என்ன அழிவு என்று கேட்டார்கள்.

மாணவன் இதைக் கேட்டுவிட்டுக் குதித்தான். அவனிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஆதிக்காடு போனது என்றால் மரமே போனது என்று பொருளில்லை. காப்பிக்கு நிழல் தந்த மரங்களும் மறுவளர்ச்சிக் காடும் இருந்தன, பறவைகள் அவற்றில் ஒண்டிக்கொண்டன. அது முதலாவது. இரண்டாவது, அந்த அறுபதில் பல இனங்கள் பக்கத்துத் தீவுகளிலும் இருப்பவை. இங்கே போனாலும் உலகக் கணக்கில் அழிவாக வராது.

இரண்டாவது விஷயத்தை வைத்துத்தான் ஸ்டூவர்ட் பிம் என்ற உயிரியலாளர் பதில் சொன்னார். வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகள் ஒரு கட்டத்தில் பாதியாகச் சுருங்கின. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட காட்டுப் பறவையினங்கள் இருக்க, அழிந்தவை நான்கே என்று கேலி பேசினார்கள். பிம் கேட்டார்: அந்தக் காட்டை விட்டால் வேறு கதியில்லாத பறவைகள் எத்தனை? சுமார் 28. காடு பாதியானால் சூத்திரப்படி 16 சதவீதம் போகும். 28இல் 16 சதவீதம் நாலரை. நிஜத்தில் போனது நான்கு. 1914இல் மிருகக்காட்சிச் சாலைக் கூண்டில் கடைசிப் பறவை செத்துப்போன பயணப் புறாவும் அதில் ஒன்று.

சரி, பூவரசன்பட்டிக்கு வருவோம். அங்கே மட்டும் வாழ்ந்த இனம் என்று எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால்தான் ஆச்சரியம். பவளத்தின் குஞ்சு உயிரிகள் நீரோட்டத்தில் மிதந்து போய் வேறு பாரில் ஒட்டிக்கொள்பவை. மன்னார் வளைகுடாவில் பதிவான 117 பவள இனங்களில் பெரும்பாலானவை இலங்கை, மாலத்தீவு, லட்சத்தீவு என்று இந்துமாக்கடலில் பரவிக் கிடப்பவை. நண்டும் சிப்பியும் அப்படித்தான். தீவில் நின்றிருக்கக்கூடிய செடிகள் பக்கத்துத் தீவுகளிலும் உண்டு. ஆக, வேறு எங்கும் இல்லாத இனம் பூஜ்ஜியம் என்றால் உலக அழிவும் பூஜ்ஜியம். சூத்திரம் இதில் தோற்கவில்லை. அதனிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டிருக்கிறோம். மாணவனின் முதல் கேள்விக்கு விடை அது. அவனுக்குத் திருப்தி, அவளுக்கு இல்லை.

முதல் பனையும் கடைசிப் பனையும்

இன்னொரு அடி சூத்திரத்தின் மேல் 2011இல் விழுந்தது. ஃபாங்லியாங் ஹே, ஸ்டீபன் ஹப்பெல் இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை. சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு அழிவைக் கணக்கிட்டால் விடை எப்போதும் மிகையாகவே வரும் என்று கணிதமாகக் காட்டினார்கள். வகுப்பில் இதை விளக்கப் பனைமரம் போதும். சாயல்குடிச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு ஊருக்குள் நடக்கிறீர்கள். முதல் பனையைப் பார்க்க எவ்வளவு நடக்க வேண்டும்? பத்தடி. அந்த ஊரில் பனையே இல்லை என்று சொல்ல எவ்வளவு நிலத்தை அழிக்க வேண்டும்? கடைசிப் பனை நிற்கும் கொல்லை வரை அழிக்க வேண்டும். முதல் மரத்தைக் காணத் தேவைப்படும் பரப்பும் கடைசி மரத்தை இழக்கத் தேவைப்படும் பரப்பும் ஒன்றல்ல. பழைய கணக்கு ஒன்றென்று எடுத்துக்கொண்டது.

அழிவு நெருக்கடியே பொய் என்று இதைத் திரித்தவர்கள் உண்டு. கட்டுரை எழுதியவர்களே அதை மறுத்தார்கள். அழிவு நிஜம், அளவுகோல் தப்பு என்பதுதான் அவர்கள் பேச்சு. ஆனால் அவர்கள் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. காட்டை வெட்டிய அன்றே சாகிறவற்றை மட்டுமே அது எண்ணுகிறது. கொல்லையில் ஒற்றைப் பனை நிற்கிறது, சரி. பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒற்றை மரம் யாரோடு சேர்ந்து காய்க்கும்? எண்ணும்போது அது உயிரோடு இருக்கும் மரம். அடுத்த தலைமுறை அதற்குக் கிடையாது. ஆய்வாளர்கள் இதை அழிவுக் கடன் என்கிறார்கள். கடன் வாங்கிய அன்று வீட்டில் ஒன்றும் குறைந்த மாதிரித் தெரியாது, வட்டிக்காரன் வாசலுக்கு வரும்போதுதான் தெரியும்.

பச்சையாக இருப்பதெல்லாம் காடா

இடையில் காட்டுக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990க்குப் பிறகு உலகில் 42 கோடி ஹெக்டேர் காடு அழிக்கப்பட்டது என்கிறது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2020 அறிக்கை. அதே அறிக்கையில் நிகர இழப்பு 17.8 கோடி ஹெக்டேர்தான். மீதி, புதிதாக நட்டதும் தானாக வளர்ந்ததும். ஒரு தரப்பு முதல் எண்ணைப் பிடித்துக்கொள்கிறது, மறுதரப்பு இரண்டாவதை. இரண்டும் சரியான எண்கள்.

ராமநாதபுரத்துக்காரனுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. நம் மாவட்டத்தை வானத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும். இறங்கிப் பார்த்தால் சீமைக்கருவேலம். உடைமரமும் நாட்டுக்கருவேலமும் நின்ற இடத்தில் அது நிற்கிறது. இந்திய வன அளவைத் துறையின் வரையறைப்படி ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் பத்து சதவீதத்துக்கு மேல் மரநிழலும் இருந்தால் அது காட்டுப்பரப்பு. என்ன மரம் என்று கேட்பதில்லை. எல்லாம் வீண் என்றும் சொல்ல முடியாது. காஞ்சிரங்குளத்திலும் சித்திரங்குடியிலும் நாரைகள் சீமைக்கருவேலத்திலும் கூடு கட்டுகின்றன. புவேர்ட்டோ ரிக்கோவில் பறவைகள் காப்பித் தோட்டத்தில் ஒண்டிய கதைதான். நாரைக்கு உட்காரக் கிளை இருந்தால் போதும். உடைமரத்தை நம்பிய பூச்சிக்கு அப்படி இல்லை. பூச்சியை யார் எண்ணினார்கள்?

ஆவுளியா

மாணவியின் கேள்விக்கு விடை கடலில்தான் கிடைத்தது. கடற்பசுவை இங்கே ஆவுளியா என்பார்கள். கடல் தாழை என்ற கடற்புல்லை மேயும், ஒரு நாளைக்கு 30, 40 கிலோ தின்னும். எழுபது வயது வரை வாழக்கூடியது. ஆனால் மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு ஒரு கன்றுதான் போடும். முன்பு இந்தக் கரையில் அதன் கறிக்கு விலை இருந்தது. மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களில் ஒரு ஜோடியை வைத்து வளர்த்தார்கள். இப்போது இந்தியா முழுவதும் சேர்த்தே சில நூறுதான் என்பது கணிப்பு. விசைப்படகின் மடி வலை தாழைப் படுகையைச் சீய்த்துக்கொண்டு போனால் மேய்ச்சல் நிலம் போகிறது, காடு போவதற்குச் சமம்.

இப்படிப்பட்ட விலங்கு கணக்கை ஏமாற்றும். கன்று போடுவது நின்றுபோன பிறகும் கிழட்டு ஆவுளியாக்கள் இருபது முப்பது ஆண்டு நீந்திக்கொண்டிருக்கும். யாராவது ஒருவர் எப்போதாவது பார்த்துக்கொண்டிருப்பார். பட்டியலில் அது உயிருள்ள இனம்தான். சீனக் கடலில் இப்படித்தான் நடந்தது. அங்கே கடற்பசு செயலளவில் அழிந்துவிட்டது என்று 2022இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. ஆவுளியாவுக்கு மாவட்ட எல்லை தெரியாது என்பதால் நம் பக்கம் நிற்கும் தாழைக்கும் இதில் வேலை இருக்கிறது.

வலையில் சிக்கிய ஆவுளியாவைத் திருப்பி விடும் மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டும் பரிசும் தருகிறது. இதுவரை இந்தக் கரையில் நான் பார்த்த நடவடிக்கைகளில் புத்திசாலித்தனமானது இதுதான்.

வேளா எங்கே

தாத்தாவிடம் மாணவர்கள் கேட்டார்கள்: நீங்க பார்த்து, நாங்க பார்க்காதது எது? யோசிக்கவே இல்லை. "வேளா" என்றார். மூக்கு ரம்பம்போல் நீண்டிருக்கும், பார்க்கச் சுறாபோல் இருக்கும் திருக்கை இனம். சங்கப் பாட்டில் பரதவர் சுறாக்கொம்பை நட்டு வணங்கியதாக வருவது இதன் கொம்பைத்தான் என்று சொல்பவர்கள் உண்டு. "எம்.ஜி.ஆர். இருந்தப்ப வலையில கெடந்துச்சு. கொம்பு வலையைக் கிழிக்கும், அதுனால திட்டிக்கிட்டே வெட்டுவோம். அப்புறம் காணோம்."

வேளா அழிந்துவிட்டதா? உலகில் இல்லை என்று சொல்ல முடியாது, வட ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. நம் கடலில் இல்லை என்று அறிவிக்கலாமா? அறிவித்தால் அப்புறம் அதைத் தேடவோ காக்கவோ பணம் வராது. பிலிப்பைன்சின் செபூ தீவில் காடு கிட்டத்தட்ட முழுவதும் போனதும் அங்கே மட்டுமே வாழ்ந்த ஒரு பூக்கொத்திக் குருவியை அழிந்தது என்று எழுதிவிட்டார்கள். 1992இல் மிச்சமிருந்த துண்டுக் காட்டில் அது உட்கார்ந்திருந்தது. அதனால்தான் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் ஓர் இனத்தை அழிந்தது என்று போட அவ்வளவு தயங்குகிறார்கள். 1500க்குப் பிறகு அழிந்ததாக அதில் இருப்பவை சுமார் 900தான். இதைக் காட்டி, 'ஆண்டுக்கு 40,000 எங்கே, ஐந்நூறு ஆண்டுக்கு 900 எங்கே?' என்று கேட்பது சுலபம். பெயரே வைக்கப்படாத வண்டும் நத்தையும் அந்தப் பட்டியலில் எப்படி ஏறும்?

நான் நம்பும் கணக்கு சூத்திரமே இல்லாதது. பறவைகளை நன்றாக எண்ணியிருக்கிறோம், சுமார் 11,000 இனங்கள். மனிதத் தொந்தரவு இல்லாத காலத்தில் பத்து லட்சம் இனத்துக்கு ஆண்டுக்கு ஒன்று வீதம் அழியும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், ஐந்நூறு ஆண்டில் ஐந்தோ ஆறோ பறவையினம் போயிருக்க வேண்டும். போனது 150க்கு மேல். அதில் பெரும்பகுதி சின்னத் தீவுகளில், எலியாலும் பூனையாலும் வேட்டையாலும் போனது, காடழிப்பால் அல்ல என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. உண்மைதான். அதற்காக 150 ஐந்தாகிவிடாது.

பெரிய எண்ணைச் சொன்னால்தான் ஜனம் கேட்கும் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் ஏற்பதில்லை. அந்த எண்ணுக்கு இங்கே ஒரு விலை இருக்கிறது. தீவில் கால் வைக்காதே என்று தடுக்கப்படுவது முதலில் பாசி எடுக்கும் பெண்கள்தான், மடி இழுக்கும் படகு முதலாளி இல்லை. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் பெண்கள் தாங்களாகவே மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களிடம் போய் ஆண்டுக்கு 40,000 என்று சொன்னால் சிரிப்பார்கள்.

பட்டியல்

கடைசியில் மாணவர்கள் ஓர் அட்டவணை போட்டார்கள். 'இந்த இடத்தில் இல்லை', 'இந்தக் கடலில் காணோம்', 'இருக்கிறது, ஆனால் பெருகவில்லை', 'உலகிலேயே இல்லை' என்று நான்கு பத்தி. நான்காவதில் எழுத எதுவும் இல்லை. மூன்றாவதில் ஆவுளியாவை எழுதலாமா என்று ஒரு மணி நேரம் வாதம். இரண்டாவதில் வேளா. முதல் பத்தியும் காலியாகவே கிடந்தது, ஆனால் அதற்குக் காரணம் வேறு. பூவரசன்பட்டியில் என்னென்ன இருந்தன என்று தீவு நின்ற காலத்தில் எழுதிய பட்டியல் ஒன்று வேண்டும். எங்கள் கைக்கு வந்த தாள்கள் எதிலும் அந்தத் தீவுக்குத் தனிப் பட்டியல் இல்லை. இருப்பது பரப்பு மட்டும். பரப்பை வைத்து இனத்தை ஊகிக்கும் சூத்திரம் ஏன் இத்தனை பேருக்குத் தேவைப்பட்டது என்று அப்போதுதான் அவர்களுக்கே புரிந்தது.

அடுத்து கவனிக்க வேண்டியது தூத்துக்குடிப் பக்கம் காரியாசல்லி. 1969இல் சுமார் 21 ஹெக்டேர் இருந்தது, இப்போது அதில் கால்வாசிகூட இல்லை. பக்கத்து வான் தீவைக் காப்பாற்றச் செயற்கைப் பார்களை இறக்கியிருக்கிறார்கள். காரியாசல்லி இன்னும் தண்ணீருக்கு மேலே இருக்கும்போதே, அனுமதி வாங்கி, ஒரு தடவையாவது முழுசாக எண்ணிவிட வேண்டும் என்று கல்லூரி மூலம் மனு எழுதியிருக்கிறோம்.

அட்டவணையோடு தாத்தாவிடம் திரும்பப் போனோம். முதல் பத்தியைக் காட்டி மாணவன் கேட்டான், "தாத்தா, பேருலயே பூவரசு இருக்கே, அந்தத் தீவுல பூவரச மரம் நின்னுச்சா?"

"நின்னுச்சுன்னு எங்கய்யா சொல்வாரு" என்றார். "நான் கல்லு எடுக்கப் போனப்ப இல்ல."

மாணவி பேனாவை எடுத்தாள். எந்தப் பத்தியில் எழுதுவது என்று என்னைப் பார்த்தாள்.